ஆடம்ஸ்–ஹே குடும்பக் கடிதங்கள்

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹென்றி ஆடம்ஸ் குடும்பமும், ஆபிரகாம் லிங்கனிடம் செயலாளராக இருந்து பின்னாளில் வெளியுறவு அமைச்சரான ஜான் ஹேயின் குடும்பமும் பெரும்பாலும் 1881 முதல் 1905 வரை எழுதிக்கொண்ட நட்புக் கடிதங்கள். ஹென்றியின் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் குடியரசுத் தலைவர்கள். ஹேயின் மனைவி கிளாரா, கிளீவ்லாந்து நகரின் ரயில்வே செல்வந்தர் அமாசா ஸ்டோனின் மகள்.

தோற்றம்: 1880–81 குளிர்காலத்தில் வாஷிங்டனில் ஹென்றி, அவர் மனைவி மேரியன் (வீட்டாருக்குக் கிளோவர்), ஹே, கிளாரா, நிலவியலாளர் கிளாரன்ஸ் கிங் ஆகிய ஐவரும் மாலைத் தேநீருக்குக் கூடினர். சீட்டுக்கட்டில் இதயச் சின்னம் கொண்ட ‘ஆட்டின் ஐந்து’ அவர்கள் குழுவுக்குப் பெயரானது. அந்தச் சீட்டைச் சின்னமாக அச்சிட்ட கடிதத்தாளும் வைத்திருந்தனர். 1885இல் கிங் இதய வடிவக் கோப்பைகள் கொண்ட தேநீர்ச் செட் ஒன்றை ஆடம்ஸ் தம்பதிக்குப் பரிசளித்தார். ஹே தம்பதி 1881இல் வாஷிங்டனை விட்டுப் போனதால்தான் கடிதங்கள் பெருகின. ஊரில் இருந்திருந்தால் தேநீரோடு பேச்சு முடிந்திருக்கும். ஹென்றியின் ‘டெமாக்ரசி’ (1880), ஹேயின் ‘பிரெட்வின்னர்ஸ்’ (1883–84) ஆகிய நாவல்கள் பெயரின்றி வெளிவந்தன. அந்த ரகசியத்தைக் குழு காத்தது.

கிளோவர்: இக்கடிதங்களோடு சேர்த்தே படிக்க வேண்டியவை, கிளோவர் ஞாயிறுதோறும் பாஸ்டனிலிருந்த தந்தை டாக்டர் ராபர்ட் ஹூப்பருக்கு எழுதியவை. விருந்துக்கு வந்த செனட்டர்கள், தூதர்கள் யாரும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1882இல் ஆஸ்கர் வைல்டைத் தம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம் என நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸிடம் சொல்லிவிட்டதையும் எழுதியிருக்கிறார். ஐவரில் சிறந்த கடித எழுத்தாளர் அவரே. 1885 ஏப்ரலில் தந்தை இறந்தார். டிசம்பர் 6 அன்று, புகைப்படம் கழுவ வைத்திருந்த பொட்டாசியம் சயனைடைக் குடித்து கிளோவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வாஷிங்டனின் லஃபாயெட் சதுக்கத்தில் இரு குடும்பங்களுக்கும் கட்டடக் கலைஞர் எச். எச். ரிச்சர்ட்சன் அடுத்தடுத்துக் கட்டிய வீடுகளுள் ஒன்றில், அந்த மாத இறுதியில் ஹென்றி தனியாகக் குடிபுகுந்தார்.

பிற்காலம்: ஹே தம்பதியும் வாஷிங்டன் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரர்களான பின், யாரேனும் வெளியூர் சென்றபோதே கடிதம் பிறந்தது. 1890–91இல் ஓவியர் ஜான் லஃபார்ஜுடன் சமோவா, டஹிட்டி எனச் சுற்றிய ஹென்றி, இலங்கையில் அநுராதபுரத்து வெள்ளரசின் கீழும் அமர்ந்தார். அப்பயணத்தில் எழுதிய ‘புத்தரும் பிரம்மாவும்’ என்ற கவிதையை 1895இல் கடிதத்தோடு ஹேக்கு அனுப்பினார். அது 1915இல்தான் அச்சேறியது.

பதிப்புகள்: ஹே 1905இல் மறைந்தபின், 1908இல் அவர் கடிதங்கள் மூன்று தொகுதிகளாகத் தனிச்சுற்றுக்கு அச்சாயின. தேர்வு ஹென்றியுடையது. கிளாராவோ ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை முதலெழுத்துகளாகச் சுருக்கி நூலைச் சிதைத்துவிட்டார். கிளோவரின் கடிதங்கள் 1936இல் வெளிவந்தன. ஹென்றியின் கடிதங்களுக்கு ஹார்வர்டின் ஆறு தொகுதிகளே (1982–88) நம்பத்தக்க பதிப்பு.

மூலப் பிரதிகள் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம், பிரௌன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் உள்ளன. லஃபாயெட் சதுக்கத்து வீடுகள் 1927இல் இடிக்கப்பட்டு, அங்கே ஹே–ஆடம்ஸ் ஹோட்டல் எழுந்தது.