தாயைக் கேட்காத சட்டம்

மலையக இலக்கியம் நடத்தும்போது மாணவிகள் கேட்பார்கள்: "அங்கேயே பிறந்தவர்கள் எப்படி நாடற்றவர்கள் ஆனார்கள், மேடம்?"

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைச் சொல்வேன். வம்சாவளிக் குடியுரிமைக்குத் தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதன்பின் பிறந்த குழந்தைக்குத் தந்தை குடிமகனாக இருக்க வேண்டும். மணமான பெண் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர வழியில்லை.

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. தோட்டத்துச் செக்ரோலில் அவள் பெயர் நாள்தோறும் ஏறியது. பிள்ளையின் குடியுரிமைக்கு மட்டும் அது உதவவில்லை.

இந்தியாவும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு 1992 வரை தந்தைவழியையே பார்த்தது. இலங்கை தாய்வழியை ஏற்றது 2003இல். 55 ஆண்டுகள்! அதற்குள் அந்தப் பிள்ளைகளே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.