கார் கம்பெனியில் பிறந்த எலும்பு ஸ்கேன்

லேப்ல எலும்பு வளர்க்க, ஸ்பாஞ்ச் மாதிரி துளைகள் உள்ள ஒரு சாரம் வேணும். துளைகள் ஒன்றோடொன்று இணையலைன்னா, ஆழத்துல இருக்கிற செல்லுக்கு ஆக்சிஜன் போகாது, செத்துடும். சரி, வெட்டிப் பார்க்கலாமா? சாரமே பாழாயிடும்.

வழி வந்தது ஃபோர்டு கார் கம்பெனியிலிருந்து! 1980-களில் அங்கே லீ ஃபெல்ட்காம்ப், செராமிக் பாகங்களில் குறை தேட மைக்ரோ சிடி உருவாக்கினார். பொருளைச் சுற்றி எடுத்த எக்ஸ்ரே நிழல்களை முப்பரிமாணமாக்கும் அல்காரிதத்தை, 1984-ல் டேவிஸ், கிரெஸ் இருவரோடு வெளியிட்டார். 1989-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கோல்ட்ஸ்டீன் உள்ளிட்டோருடன், எலும்பின் உள்வலையை வெட்டாமலே காட்டினார். பிறகு அதே வகைக் கருவிக்குள் சாரங்களும் போயின.

நான் எழுதுற கோடு மூணு வருஷம் தாங்கினாலே பெருசு. மூவரின் முதலெழுத்தில் அமைந்த அந்த ‘எஃப்டிகே’ இன்னிக்கும் ஓடுது!