மூதவையின் ஒரு நாளும் தீவகத்தின் ஒரு கதிரையும்

இலங்கைப் பாராளுமன்றத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று சனம் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த பிரதிநிதிகள் சபை. மற்றது செனட் சபை, தமிழில் மூதவை. 1947 நவம்பர் 12 இல் முதல்தடவை கூடிய அந்தச் சபை 1971 ஒக்டோபர் 2 இல் ஒழிக்கப்பட்டது. 24 வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. இண்டைக்கு எங்கட வயசில இருக்கிற கனபேருக்கு இப்பிடியொரு சபை இருந்ததே தெரியாது. பாடப்புத்தகத்தில் சோல்பரி யாப்பு எண்ட பாடத்துக்குள்ள ரெண்டு வரியாக் கடந்துபோகும்.

அந்த ரெண்டு வரியைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேணும் எண்டு நினைக்கிறம். புது அரசியலமைப்பு எண்ட கதை வரேக்க எல்லாம் இரண்டாம் சபை எண்ட கதையும் கூடவே வருகிறது. 2017 செப்டெம்பரில் வெளிவந்த வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கையிலும் அது இருந்தது. ஆளில்லாமல் வெறிச்சுப்போகிற ஊர்கள், குறைந்துகொண்டே போகிற வாக்குகள், கடலுக்கு அங்காலை இருக்கிற தீவுகள். எங்களை மாதிரி இடங்களுக்கு ஒரு மேல்சபை உண்மையில் உதவுமா? பழைய மூதவை என்ன செய்தது எண்டு பார்த்தால்தான் இதுக்குப் பதில் சொல்லலாம்.

கொழும்புக் கோட்டையில் இண்டைக்கு வெளிநாட்டு அமைச்சு இருக்கிற குடியரசுக் கட்டடம்தான் மூதவை கூடிய இடம். அதுக்கு முதல் அது சட்டசபைக் கட்டடமாக இருந்தது. பிரதிநிதிகள் சபை கூடியது காலிமுகத்திடலோரம் இருக்கிற மற்றக் கட்டடத்தில், இப்போதைய ஜனாதிபதி செயலகத்தில். ஆக ஒரு சட்டமூலம் ஒரு சபையில் இருந்து மற்றதுக்குப் போகவேணும் எண்டால் உண்மையிலேயே தெருவைக் கடந்து போகவேணும்.

உள்ளே இருந்தவர்கள் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் தெரிவுசெய்தார்கள். மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் 6 வருசம். 2 வருசத்துக்கு ஒருக்கா மூன்றில் ஒரு பங்கு வெளியேறும். 35 வயசுக்குக் குறைந்தவர் செனட்டர் ஆகேலாது. எங்கட குழுவில ஒருத்தரும் வாசற்படி தாண்டியிருக்கேலாது.

முதல்நாள் அலுவல் சுருக்கமானது. வேறு எந்த வேலைக்கும் முதல் தலைவரையும் பிரதித் தலைவரையும் தெரிவுசெய்ய வேணும் எண்டு யாப்பே சொன்னது. முதல் தலைவர் சேர் ஜெராட் விஜயகோன். பிறகு வந்த சாதாரண நாட்களின் ஒழுங்கு வெஸ்மின்ஸ்டர் முறையைத் தழுவியது. தலைவர் ஆசனத்தில் அமருவார். அறிவித்தல்கள், சமர்ப்பிக்கப்படுகிற பத்திரங்கள், மனுக்கள், அமைச்சர்களிட்டைக் கேட்கிற கேள்விகள். அதுக்குப் பிறகு ஒழுங்குப் பத்திரத்தில் இருக்கிற சட்டமூலங்கள். முதலாம் வாசிப்பில் தலைப்பு மட்டும். இரண்டாம் வாசிப்பில் கொள்கை பற்றிய விவாதம். குழுநிலையில் வாசகம் வாசகமாகப் பார்ப்பது. மூன்றாம் வாசிப்பு. கடைசியில் ஒத்திவைப்பு. ஆறு பேருக்குக் குறைவாக இருக்கினம் எண்டு ஆரும் சுட்டிக்காட்டாத வரைக்கும் சபை நடக்கலாம்.

வாசிக்கச் சலிப்பா இருக்கும். ஆனால் இந்தச் சலிப்பான ஒழுங்குக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு சட்டம் ஒரே மூச்சில் ஓடிப்போகாமல் ரெண்டாவது இடத்தில் நிண்டு, திருப்பி வாசிக்கப்பட்டு, எதிர்ப்பு ஹன்சாட்டில் பதிவாகிப் போகவேணும். ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை கைவிடப்பட்டபோது, சிறுபான்மைக்குப் பாதுகாப்பு எண்டு அடுக்கிக் காட்டப்பட்டவற்றில் 29 ஆம் பிரிவோடு மூதவையும் ஒன்று.

அந்தப் பாதுகாப்பின் பலம் எவ்வளவு? நிதிச் சட்டமூலத்தை மூதவை ஒரு மாதத்துக்கு மேல் மறிக்கேலாது. மற்றச் சட்டமூலங்களைப் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த ரெண்டு கூட்டத்தொடரில் நிறைவேற்றினால், மூதவையின் சம்மதம் இல்லாமலே சட்டமாக்கலாம். அதாவது மூதவைக்கு இருந்தது தாமதிக்கிற அதிகாரம் மட்டும். தாமதிக்கவும் உள்ளே ஆக்கள் வேணும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தம். பிரதிநிதிகள் சபையில் ஆரம்பத்தில் 101 பேர். செனட்டர் தெரிவு விகிதாசார முறையில், மாற்றத்தகு தனிவாக்கால் நடந்தது. 1947 இல் 15 இடத்துக்கும் ஒரேயடியாகத் தெரிவு. வழமையான கணக்குப்படி ஒரு செனட்டரை அனுப்ப 7 வாக்குப் போதும். தமிழ்க் காங்கிரசிடம் அப்ப 7 ஆசனம் இருந்தது. பிறகு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா 5 இடத்துக்குத்தான் தெரிவு. உடனே தேவையான வாக்கு 17 ஆகிறது. 1956 இல் தமிழரசுக் கட்சிக்கு 10 ஆசனம். தனிய நிண்டு ஒரு கோட்டாவை நிரப்ப ஏலாது. மற்றவையின் மாற்று வாக்கு வேணும். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறேல்லை. ஒரே தடவையில் எத்தினை இடத்துக்குத் தெரிவு எண்டது மட்டும் மாறினது. அதோட மற்றப் பாதி பிரதமரின் ஆலோசனையில் வருகிற நியமனம். பெரும்பான்மை எந்தப் பக்கமோ மூதவையும் கொஞ்சம் பிந்தி அந்தப் பக்கம் சாயும்படிதான் கட்டப்பட்டிருந்தது.

1956 இல் இது சோதிக்கப்பட்டது. தனிச்சிங்களச் சட்டமூலம் ஜூன் 5 அண்டைக்குப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அதே நாள் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவை அடிவாங்கிச்சினம். கீழ்ச்சபையில் ஆதரவு 66, எதிர்ப்பு 29. மூதவையையும் தாண்டி ஜூலை 7 இல் அது 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாகிவிட்டது. அறிமுகத்தில் இருந்து சட்டமாகும் வரை 32 நாள். ஒரு நாட்டின் மொழியை மாற்றுகிற சட்டத்துக்கு ரெண்டு சபையும் சேர்ந்து எடுத்த நேரம் அவ்வளவுதான். ஒழுங்குகள் எல்லாம் சரியாத்தான் நடந்தன. மூன்று வாசிப்பும் நடந்தது. அதுதான் உறைக்கிறது.

இதை வைத்து அங்கே இருந்தவர்கள் எல்லாம் சும்மா இருந்தார்கள் எண்டு சொல்லிவிடேலாது. வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அசீஸ் 1952 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கத்தில் செனட்டரானவர். தனிச்சிங்களக் கொள்கையை ஏற்கேலாமல் கட்சியை விட்டு விலகினார். சட்டத்தரணி சோ. நடேசன் 1947 இல் இருந்து 1971 வரை மூதவையில் இருந்தவர். மனித உரிமை வழக்குகளுக்காகவும் இண்டைக்கும் அறியப்படுகிறவர். வாக்கில் தோற்றாலும் பேச்சு பதிவில் நிற்கும் எண்ட நம்பிக்கையில் வேலை செய்த ஆக்கள். அந்தப் பதிவு எங்களுக்கு இண்டைக்கும் ஆதாரம்.

மூதவையை ஆட்சியாளர்கள் வேறொரு விதமாயும் பயன்படுத்தினார்கள். 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானபோது அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. நாலு மாதத்துக்குள் ஏதாவதொரு சபைக்குள் வராவிட்டால் பதவி போய்விடும். ஓகஸ்டில் அவர் செனட்டராக நியமிக்கப்பட்டார். உலகின் முதல் பெண் பிரதமர் 1965 வரைக்கும் ஆட்சி நடத்தியது மூதவைக் கதிரையில் இருந்துதான்.

இதில் எங்கட ஊர்ப் பக்கத்துக்கு ஒரு விசயம் இருக்கு. 1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் தமிழரசுக் கட்சி சொந்தமாகத் தபால் சேவை நடத்தியது. அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். அந்த நேரம் ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினர் வி. ஏ. கந்தையா. அவர் இருந்தது பிரதிநிதிகள் சபையில். பாதுகாப்பும் வெளிவிவகாரமும் கையில் வைத்திருந்த பிரதமர் இருந்தது மற்றக் கட்டடத்தில். கீழ்ச்சபையில் அவருக்காகப் பதில் சொன்னவர் பாராளுமன்றச் செயலாளர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. தீவகம் வாக்குப்போட்டு அனுப்பின ஆளுக்குப் பிரதமரை முகத்துக்கு முகம் பார்த்துக் கேள்வி கேட்கிற வாய்ப்பே இல்லை. சிறுபான்மையின் கவசம் எண்டு சொல்லப்பட்ட சபை இந்த இடத்தில் ஆட்சிக்குத்தான் கவசமாகியது.

மறுபக்கமும் சொல்லவேணும். 1965 மார்ச்சில் டட்லி–செல்வா ஒப்பந்தம். தமிழரசுக் கட்சி அரசில் சேர்ந்தாலும் தெரிவுசெய்யப்பட்ட தன் எம்.பி. எவரையும் அமைச்சராக்கவில்லை. வெளியில் இருந்து மு. திருச்செல்வத்தை மூதவை வழியாகக் கொண்டுவந்து உள்ளூராட்சி அமைச்சராக்கியது. தீவுகளின் கிராம சபைகள் உட்பட நாட்டின் கிராம சபைகள் எல்லாம் அந்த அமைச்சின் கீழ்தான். மாவட்ட சபைகள் வரும் எண்டது பெரிய எதிர்பார்ப்பு. 1968 இல் அது கைவிடப்பட்டது. திருகோணமலைக் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்த, அதே வருசம் அவர் பதவி விலகினார். கரம்பனைச் சேர்ந்த வி. நவரத்தினம், அப்போதைய ஊர்காவற்றுறை எம்.பி., அந்தக் காலத்தில்தான் தமிழரசுக் கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்து தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். மூதவைக் கதிரையால் ஒரு அமைச்சுக் கிடைத்தது. அதிகாரம் கிடைக்கவில்லை.

1970 இல் மூன்றில் இரண்டுக்கு மேல் பெரும்பான்மையோடு வந்த ஐக்கிய முன்னணி, சோல்பரி யாப்பின் எட்டாவது திருத்தத்தால் மூதவையை ஒழித்தது. அதே 1971 ஜூன் கடைசியில் தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. 1972 மே 22 குடியரசு யாப்பு ஒரே சபையோடு வந்தது. அந்த யாப்பில் 29 ஆம் பிரிவும் இல்லை. ரெண்டு வேலியும் ஒண்டுக்குப் பின் ஒண்டாய்ப் போனது. மூதவை போனதுக்குத் தமிழ்ப் பக்கத்தில் பெரிய அழுகை எழும்பாததில் வியப்பில்லை. இருக்கேக்க என்ன மறிச்சது எண்டு எல்லாரும் கண்டிருந்தார்கள்.

சரி, அப்ப மேல்சபையே வேண்டாமா? நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லை. உலகத்தில் வேறு மாதிரிக் கட்டினவையும் இருக்கினம். அவுஸ்திரேலியாவில் தஸ்மேனியா ஒரு சின்னத் தீவு மாநிலம். செனட்டில் அதுக்கு 12 பேர். சனம் நிறைந்த நியூ சவுத் வேல்சுக்கும் 12 பேர்தான். மறுபக்கம் இந்தியாவின் இலட்சத்தீவுக்கு மாநிலங்களவையில் ஒரு கதிரையும் இல்லை. மக்களவையில்தான் ஒரு கதிரை. பிரித்தானியாவிலோ ஓர்க்னி–ஷெட்லாண்ட் தீவுகளுக்குச் சனத்தொகை குறைவெண்டாலும் கீழ்ச்சபையில் தனித்தொகுதி உண்டு எண்டு சட்டமே சொல்கிறது. ஆக முக்கியம், கதிரை இடத்துக்கு எண்டு எழுதப்பட்டிருக்கா எண்டதுதான். சபை மேலா கீழா எண்டது அதுக்குப் பிறகு.

எங்கட மூதவையில் அப்பிடி எழுதப்படேல்லை. வடக்குக்கு இத்தினை, தீவகத்துக்கு இத்தினை எண்டு ஒண்டும் இல்லை. 2017 அறிக்கை சொன்ன 55 பேர் கொண்ட சபையில் 45 பேர் மாகாண சபைகளில் இருந்து, மாகாணத்துக்கு 5 பேர். பழையதை விட இது நல்லம்தான்; சின்ன மாகாணமும் பெரிய மாகாணமும் சமம். ஆனால் வடக்கில் ஐந்து மாவட்டம். ஐந்து கதிரையில் நெடுந்தீவுக்காரரோ நயினாதீவுக்காரரோ இருக்கச் சாத்தியம் எவ்வளவு? அதுக்கும் மேலால, வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபிறகு நாங்கள் இதை எழுதும்வரை தேர்தலே நடக்கேல்லை. அனுப்பவேண்டிய சபை இல்லாட்டி அனுப்பப்படுகிற சபையும் வெறும் கதிரைகள்தான்.

கீழ்ச்சபையிலும் எங்கட நிலை இறங்கிக்கொண்டு வருகிறது. 1947 இல் இருந்து 1977 தேர்தல் வரைக்கும் தீவகத்துக்கெண்டு ஒரு எம்.பி. இருந்தார், கடைசியாய்த் தெரிவானவர் கா. பொ. இரத்தினம். விகிதாசார முறை வந்தபிறகு ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பகுதி மட்டும். அந்த மாவட்டத்தின் ஆசனங்களும் 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6. சனம் இடம்பெயர்ந்து போகப் போகக் கதிரையும் போகிறது. போன சனத்தைத் திருப்பிக் கொண்டுவாறதைப் பற்றிக் கேட்கவேண்டிய கதிரைதான் அது.

அதால அடுத்தமுறை மேல்சபை எண்டு ஆரும் வந்து கதைத்தால் நாங்கள் கேட்கவேண்டியது மூன்று. ஆர் அனுப்புறது? எத்தினை நாளைக்கு மறிக்கலாம்? குறைந்த சனம் இருக்கிற இடத்துக்கு எழுத்தில் என்ன இருக்கு? மூன்றுக்கும் பதில் இல்லாட்டி, 1947 இல் தந்ததைத்தான் திருப்பித் தருகினம் எண்டு விளங்கிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் எங்களிட்டை இருக்கிறது ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு எண்ட மூன்று பிரதேச சபைகள். அங்கேயும் கூட்டம், நிகழ்ச்சிநிரல், கூட்டறிக்கை, பிரேரணை, ஒத்திவைப்பு எல்லாம் உண்டு. குறிகட்டுவானில் இருந்து படகு எப்ப போகும், குடிதண்ணி எப்ப வரும் எண்டது அந்தச் சலிப்பான தாள்களில்தான் முதலில் எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் விடப்படுகிறது. அந்தக் கூட்டறிக்கைகளைக் கேட்டு வாங்கி வாசிக்கிற வேலையை நாங்கள் தொடங்கியிருக்கிறம். மூன்று சபைக்கும் ஆக்கள் போதாது. சேர விருப்பமானவை வாங்கோ.