கடலையில் ஏழைக்கும் பங்குண்டு

திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே காவிரி ஓடுகிறது. அக்கரையில் நவராத்திரி நாள்களில் கொலு வைத்த வீடுகளில் கொண்டைக்கடலைச் சுண்டல் வழங்குவார்கள். இக்கரையில் ரமளான் மாலைகளில் நோன்புக் கஞ்சிக்குத் துணையாக அதே கடலை நம் வீடுகளில் தாளிக்கப்படுகிறது. வழிபாடு வேறு, தானியம் ஒன்றே. அதன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால், நம் பிள்ளைகளின் கையிலுள்ள நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பற்றியும் சிந்திக்கத் தோன்றும்.

ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பகுதியில் மனிதர் கொண்டைக்கடலையைப் பயிரிடத் தொடங்கினர் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கிருந்து அது பல நாடுகளுக்கும் பரவி இந்தியாவையும் அடைந்தது. அரபியில் அதன் பெயர் ஹிம்மஸ். இன்று உணவகங்களில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் ஹம்மூஸ் அப்பெயரையே தாங்கியுள்ளது. வறுத்த கடலையைத் துருக்கியர் லெப்லெபி என்பர். சோரும் என்னும் அவர்களது நகரம் அதற்கே பெயர் பெற்றது. நாம் பெரிய கடைவீதியில் உப்புக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு என்று தனித்தனியே கேட்டு வாங்கினாலும், அவை யாவும் இந்த ஒரே தானியத்தின் வடிவங்களே.

நம் மார்க்க அறிஞர்கள் இதை வெறும் கொறிக்கும் பண்டமாகக் கருதவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், சேமித்து வைத்து உண்ணத்தக்க முதன்மை உணவுகளுள் கோதுமை, வாற்கோதுமை, அரிசி ஆகியவற்றோடு கொண்டைக்கடலையையும் சேர்த்து, அதன் விளைச்சலுக்கு ஸகாத் உண்டு என்கின்றன. விளைச்சல் ஐந்து வஸக்கை எட்ட வேண்டும். இக்கால அளவில் அது ஏறத்தாழ 650 கிலோ எனப் பலர் கணக்கிடுகின்றனர். நம் பகுதி ராவுத்தர்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களோ, விளைந்தது குறைவாயினும் கடமை உண்டு என்றார்கள். மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. ஆக, கடலை வயலைவிட்டு வீடு வந்து சேருமுன்பே அதில் ஏழையின் உரிமை எழுதப்பட்டுவிட்டது.

இன்றோ நம் வீடுகளில் நீரிழிவு பெருகி நிற்கிறது. அஸர் தொழுதுவிட்டு வரும் பிள்ளை எண்ணெயும் உப்பும் மிகுந்த பொட்டலத்தைத் தேடுகிறது. உலர்ந்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது; நார்ச்சத்தும் மிகுதி. மொறுமொறுப்புக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

இரவே 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊற வையுங்கள். காலையில் குழையாமல் வேகவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நன்கு உலர விடுங்கள். ஈரம் நின்றால் கடலை ஆவியில் வேகுமேயன்றி மொறுமொறுக்காது. பிறகு இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சிறு தீயில் அரைமணி நேரம் கிளறி வறுங்கள். மிளகு, சீரகம், மிளகாய்த் தூள், உப்பு, கறிவேப்பிலை ஆகியவற்றை இறுதியில் சேருங்கள். முன்பே சேர்த்தால் தூள் கருகிக் கசக்கும். ஆறிய பின் டப்பாவில் அடைத்து இரண்டு மூன்று நாள்களுக்குள் உண்டுவிடலாம். சிறு குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும். அவர்களுக்குப் பொடித்துக் கொடுங்கள்.

குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். 200 கிராம் கடலை வறுப்பவர் ஒரு பிடியைக் கூட்டி வறுப்பது கடினமன்று. அந்தப் பிடி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. அப்பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும் அண்டை வீட்டாரின் உரிமை அதற்கும் உண்டு. நிலம் இல்லாத நமக்கு விளைச்சலின் ஸகாத் கடமையாகாமல் இருக்கலாம். கொடுக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் கற்பதற்கு அடுப்படியே போதும்.

அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.