பேரேடும் கணினியும்: பினாங்கு வணிகரும் வரிக் கணக்கும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிய மொழி. அளவும் கணக்கும் இல்லாத வாழ்வு வாழ்வன்று என்று கருதிய ஒரு சமூகத்தின் வாக்கு அது. நெல்லளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்கியவர் நம்மவர். அத்தகையவரின் பேரர்கள் இன்று ஜார்ஜ் டவுன் நகரத்தில் மார்க்கெட் தெருவிலும், பினாங்கு வீதியிலும், சூலியா தெருவிலும் கடை வைத்துக்கொண்டு, கணக்கு என்னும் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கக் காண்கிறோம். அரசாங்கம் கேட்பது பேரேட்டுக் கணக்கன்று. கணினியில் ஏறிய கணக்கு. இந்நிலை எவ்வாறு வந்தது, இதில் அஞ்சத்தக்கது யாது, அஞ்சத்தகாதது யாது என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்குக் கேளாத வரி

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவிற் கொடி நாட்டினார். வரியில்லாத் துறைமுகம் என்னும் பெயரே பல தேசத்து வணிகரையும் இங்கு இழுத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியர் எனப் பெயர் பெற்றனர். அவர்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அவர்தம் பழைமைக்குச் சான்று பகர்கின்றது. 1833இல் குயின் தெருவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. பின்னர் நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் கிட்டங்கிகளைப் பினாங்கு வீதியில் நிறுவினர்.

வரியில்லாத் துறைமுகம் என்றாலும் அரசாங்கம் நடத்தப் பணம் வேண்டுமன்றோ? அஃது எங்கிருந்து வந்தது? அபின், சாராயம், கள் முதலியவற்றை விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் பெற்றனர். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில் நெடுங்காலம் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்தே வந்தது. 1910இல் குத்தகை முறை ஒழிந்து அரசாங்கமே அவ்வியாபாரத்தை ஏற்று நடத்தியபோதும் பணத்தின் ஊற்று மாறவில்லை.

இவ்வரிக்குக் கணக்குப் புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. மூட்டை சுமந்தவனும், ஈயம் தோண்டியவனும் தம் கூலியைப் புகையாக்கிச் செலுத்திய வரி அது. பெருவணிகன் தன் லாபத்தை யாருக்கும் காட்டாது வாழ்ந்தான். கூலியாளோ தன் உடலையே வரியாகக் கட்டினான். கணக்குக் கேளாத வரி இனிய வரியென்று எண்ணுவோர் அஃது எவர் தலையில் விழுந்தது என்பதை மறத்தலாகாது.

கிட்டங்கிப் பேரேடு

அரசாங்கம் கணக்குக் கேளாத அக்காலத்திலும் நம் வணிகர் கணக்கெழுதாமல் இருந்தாரல்லர். நகரத்தார் கிட்டங்கியில் ஒரு கைப்பெட்டிக்குப் பின்னே சம்மணமிட்டு அமர்ந்த மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், ஏவல் கேட்கப் பெட்டியடிப் பையன் என்று ஒரு முறை இருந்தது. பையனாக வந்தவன் படிப்படியாகக் கணக்குக் கற்று மேலாளாக உயர்ந்தான். பள்ளிக்கூடமும் அதுவே, பரீட்சையும் அதுவே.

நாள்வழிக் குறிப்பிலே எழுதப்பட்ட வரவும் பற்றும் பேரேட்டிற் பெயர்வாரியாக ஏறும். தவணை முடிந்ததும் எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை கட்டி ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்புவர். ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை மேலாள் மாறுவார். அவர் கணக்கை ஒப்புவித்த பின்னரே கப்பலேறுவார். கடல் கடந்து, கடிதம் சேர வாரக்கணக்கில் ஆகும் காலத்தில், முதலாளியைப் பினாங்கோடு பிணைத்தது அந்த ஐந்தொகை ஒன்றே. அதிற் பொய் புகுந்தால் குடும்பத்தின் பெயரே கெடும். கடைக்குரிய 'விலாசம்' என்னும் முதலெழுத்துக்களைக் கண்ட அளவிற் பர்மாவிலும் இலங்கையிலும் பணம் கொடுத்த காலம் அது. நம்பிக்கைக்கு அடிப்படை எழுத்து. எழுத்துக்கு அடிப்படை ஒழுக்கம்.

எனினும், அம்முறையின் குறைகளையும் ஒளியாது கூறவேண்டும். அக்கணக்கு முதலாளியின் கண்ணுக்காக எழுதப்பட்டது. கடன் வாங்கியவனுக்கு அதைப் படிக்க வழியில்லை. தோட்டப்புறத்திலே நிலை இன்னும் கீழானது. கடைக்காரர் பற்று எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளி சம்பள நாளில் அவர் சொன்னதைக் கொடுப்பான். பிற்காலத்தில் '555' என்று எண் பொறித்த சிறு புத்தகம் இந்நாடெங்கும் கடன் புத்தகமாக வழங்கியதை நம்மில் முதியோர் அறிவர். அப்புத்தகம் கடைக்காரர் கையில் மட்டும் இருந்த இடத்தில், தொழிலாளியின் கடன் என்றும் தீர்ந்ததில்லை. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேதான் அதிகாரமும் இருக்கிறது. இவ்வுண்மையை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கு வருவோம்.

கணக்குக் கேட்ட வரி

முதல் உலகப் போரின் செலவுக்காக 1917இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் வருமானத்தின் மீது போர்வரி விதிக்கப்பட்டது. வணிகரின் எதிர்ப்புக்கிடையே நடந்து 1922இல் அது நீங்கியது. இரண்டாம் போரின்போது 1941இல் மீண்டும் போர்வரி வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பினாங்கு ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. போருக்குப் பின் ஹீஸ்மன் என்னும் பிரிட்டிஷ் வரியதிகாரியின் அறிக்கையைத் தொடர்ந்து 1947இல் வருமானவரிச் சட்டம் இயற்றப்பட்டு, 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தோட்ட முதலாளிகளும் வணிகரும் ஒருங்கே அதனை எதிர்த்தனர். பல மொழிகளில் பல முறைகளில் எழுதப்படும் கணக்குகளை எவ்வாறு சோதிப்பது என்னும் கேள்வியும் அன்றே எழுந்தது. அக்கேள்வி இன்றும் வேறு உருவில் நம் முன் நிற்கின்றது.

1967ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் பழைய சட்டங்களை ஒன்றாக்கியது. 1969இல் பினாங்குத் தீவு தன் வரியில்லாத் துறைமுக நிலையை இழந்தது. மார்க்கெட் தெருவின் பழைய செழிப்பு அதனாற் பெரிதும் குன்றியது. அதுவரை அதிகாரி வரியைக் கணித்து ஓலை அனுப்புவார். கம்பெனிகளுக்கு 2001 முதலும், தனியாருக்கும் சிறு வணிகருக்கும் 2004 முதலும், தம் வரியைத் தாமே கணிக்கும் முறை வந்தது. கணக்கின் பொறுப்பு அதிகாரியின் மேசையிலிருந்து கடைக்காரரின் மேசைக்கு மாறியது. இம்மாற்றத்தின் ஆழத்தை அன்று உணர்ந்தோர் சிலரே.

யந்திரம் கேட்கும் கணக்கு

2015 ஏப்ரல் 1ஆம் நாள் பொருள் சேவை வரி நூற்றுக்கு 6 என்னும் விகிதத்தில் வந்தபோதுதான் சிறு கடைகள் விழித்துக்கொண்டன. ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பவர் யாவரும் பதிவு செய்யவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுங்கத்துறைக்குக் கணக்குக் காட்டவேண்டும். கணக்கு மென்பொருள் வாங்குதற்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் உதவிச்சீட்டு வழங்கியது. கணக்குகளை ஏழாண்டு காத்தல் வேண்டும் என்றும், அவை தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. ஆயிரம் மைல் கடந்து வந்து நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த தமிழ்ப் பேரேட்டுக்கு அவ்வரியின் முன்னே இடமில்லாமற் போயிற்று.

பலசரக்கின் இடையே, ஊதுவத்திப் புகையின் நடுவே, ஒரு கணினி வந்து அமர்ந்தது. தந்தை மனக்கணக்கிற் கூறுவதை மகன் அல்லது மகள் விசைப்பலகையில் தட்டும் காட்சி வழக்கமாயிற்று. மூன்றாண்டும் இரண்டு மாதமும் கழிந்தன. ஆட்சி மாறியது, 2018 ஜூன் 1 முதல் அவ்வரி சுழியமாக்கப்பட்டது, செப்டம்பர் 1 முதல் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டன. வாங்கிய மென்பொருள் பல கடைகளில் மூலையில் முடங்கியது. "இதுவும் போம்" என்னும் எண்ணம் நம்மவர் மனத்தில் அன்றே வேரூன்றியது. இன்றைய இடர்க்கெல்லாம் அவ்வெண்ணம் ஒரு பெருங்காரணம்.

ஏனெனில், அடுத்து வந்தது போகும் இயல்பினதன்று. அதுவே மின்-விலைப்பட்டியல். 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்கும் பெருங் கம்பெனிகளில் தொடங்கி, 2025 ஜனவரி, ஜூலை மாதங்களில் நடுத்தர நிறுவனங்களுக்குப் பரவி, 2026 ஜனவரி 1இல் 50 இலட்சம் வரை விற்கும் சிறு வணிகரை எட்டியது. விலக்குக்குரிய எல்லை முதலில் 1,50,000 ரிங்கிட் எனக் கூறப்பட்டு, பின் 5 இலட்சமாகி, 2025 டிசம்பரில் 10 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

"பத்து இலட்சமா! நமக்கேது அவ்வளவு?" என்று சிலர் மகிழ்வர். அவர்கள் பென்சிலை எடுத்துப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு 3,000 ரிங்கிட் விற்கும் மளிகைக் கடை ஆண்டுக்கு 10,95,000 ரிங்கிட் விற்கின்றது. சட்டம் பார்ப்பது விற்பனையையேயன்றி லாபத்தையன்று. அரிசியிலும் பருப்பிலும் மெல்லிய லாபம் காணும் கடைக்காரர் தம்மை ஏழையென்று எண்ணியிருக்க, ஏட்டின்படி எல்லையைத் தாண்டியிருப்பார்.

இதன் செயல்முறை யாது? கடைக்காரர் ஆக்கும் விலைப்பட்டியல் இணையவழியே உள்நாட்டு வருமானவரி வாரியத்தின் 'மைஇன்வாய்ஸ்' அமைப்புக்குச் செல்லும். அங்கே சரிபார்க்கப்பட்டுத் தனி எண் பெற்றுத் திரும்பும். வாங்கியவர் 72 மணி நேரத்துக்குள் அதனை மறுக்கலாம். பட்டியல் கேளாத சில்லறை வாடிக்கையாளரின் வாங்கல்களை மாதமுடிவிற் கூட்டி, ஏழு நாளுக்குள் ஒரே தொகைப்பட்டியலாக அனுப்பலாம். தமிழ்நாட்டிலிருந்து சேலையும் மசாலையும் தருவிப்பவர், வெளிநாட்டு விற்பனையாளர்க்குப் பதிலாகத் தாமே பட்டியல் ஆக்கவேண்டும். தவறுவோர்க்கு 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பழைய 'விலாசம்' இருந்த இடத்தில் இன்று வரி அடையாள எண் நிற்கின்றது.

அச்சமும் அறிவும்

இங்கேதான் நாம் முன்னர்க் கூறியதை நினைவூட்டுகிறோம். கணக்கு யார் கையிலோ, அதிகாரம் அவர் கையில். இன்று நம் கடைக்காரர் பலர் செய்வது என்ன? "எனக்கு இதெல்லாம் தெரியாது, நீயே பார்த்துக்கொள்" என்று தம் அடையாள எண்ணையும், கடவுச்சொல்லையும், விற்பனைச் சீட்டுக்களையும் ஒரு தரகரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். அவர் அனுப்பியது என்னவென்று பார்ப்பதில்லை, பார்த்தாலும் விளங்குவதில்லை. தவறு நேர்ந்தால் ஓலை வருவது தரகருக்கன்று, கடைக்காரருக்கே. அன்று 555 புத்தகத்தின் முன் தோட்டத் தொழிலாளி நின்ற நிலையில் இன்று கடைக்காரர் நிற்கிறார். பற்று எழுதியவரின் பேரன், தன் பற்றைப் பிறர் எழுதக் கைகட்டி நிற்கிறான். வரலாற்றின் இத்திருப்பத்தைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை, வருந்துவதற்கே உரியது.

அரசாங்கத்தின்பாற் குறையில்லை என்று கூறோம். அடிக்கடி மாறும் தேதியும் எல்லையும் ஆயத்தமானவனை ஏமாளியாக்கி, சும்மா இருந்தவனைக் கெட்டிக்காரனாக்கின. ஐம்பத்தைந்து விவரங்கள் வரை கேட்கும் ஒரு பட்டியலைப் பெருங் கம்பெனிக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரே அச்சில் வார்ப்பது நேர்மையாகாது. சட்டத்துக்குரிய கணக்கு தேசிய மொழியில் இருக்கட்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கணக்கை எவ்வாறு எழுதுவது என்னும் விளக்கத்தைத் தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்குத் தமிழிலே கூறுதல் அரசாங்கத்தின் கடமையாகும்.

ஆயினும், பிறர் கடமையை எண்ணி நம் கடமையை மறத்தல் ஆகாது. கட்டணமின்றி வாரியமே தரும் இணையவாசலை முதலிற் கற்போம். விலையுயர்ந்த மென்பொருளைப் பின்னர் எண்ணுவோம். ஒரு தெருவிலுள்ள பத்துக் கடைகள் சேர்ந்து கணக்கறிந்த ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ சம்பளத்துக்கு வைத்தால், ஒவ்வொருவருக்கும் செலவு பத்தில் ஒன்றாகும். கல்லாவில் மகன் அமரவேண்டும், மகள் வீட்டோடிருக்க வேண்டும் என்னும் பழைய எண்ணம் ஒழியட்டும். கணக்கியல் கற்ற பெண்மக்கள் பலர் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றன்று விற்றதை அன்றன்றே எழுதும் பழக்கம் வேண்டும். அது கணினி கற்பித்த பாடமன்று. பெட்டியடிப் பையனுக்குக் கிட்டங்கியின் முதல் நாளிலேயே கற்பித்த பாடம்.

ஏடு பனையோலையிலிருந்து காகிதத்துக்கு மாறியது. காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியிருக்கிறது. ஓலையிலும் காகிதத்திலும் நம் கணக்கை நாமே எழுதினோம். கணினியிலும் நாமே எழுதுவோமாக.