திருவுளச்சீட்டு

திரு, உளம், சீட்டு என்ற மூன்று சொற்கள் கூடியது திருவுளச்சீட்டு. உள்ளம் குறுகி உளமாயிற்று. அதன்முன் 'திரு' சேர்ந்தால் கடவுளின் அல்லது அரசரின் எண்ணம் என்று பொருள். 'திருவுளம் இரங்க வேண்டும்' என்பது விண்ணப்ப வழக்கு. ஆகவே திருவுளச்சீட்டு கடவுளின் எண்ணத்தைக் காட்டும் துண்டு. தேர்தலில் இருவர் சம வாக்குப் பெறும்போது நடக்கும் குலுக்கலுக்கும் இன்று இதே பெயர்தான்.

செய்முறை எளிது. ஒரே அளவில் கிழித்த இரண்டு தாள்களில் ஒன்றில் 'போகலாம்', மற்றதில் 'வேண்டாம்' என்று எழுதி, மடித்து, குலுக்கிப் போடுவார்கள். எழுத்தறியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெரியவர் கை என்றால் ஆசையும் கூடவே வந்துவிடும். சாமி முன் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாகக் கட்டி எடுக்கும் 'பூக்கட்டிப் பார்த்தல்' இதற்கு நெருங்கிய உறவு. ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையிலும் ஓலையை எடுப்பவன் சிறுவனே.

விவிலியத்தில் திருவுளச்சீட்டுக்குரிய எபிரெயச் சொல் கோரால். சிறு கல் என்பதே அதன் பழம்பொருள் எனக் கருதப்படுகிறது. தமிழில் அது 'சீட்டு' ஆனபோது கல் மறைந்து தாள் வந்தது. சீலோவில் யோசுவா நிலம் பங்கிட்டதும், புயலில் தவித்த கப்பலில் யோனா அகப்பட்டதும், யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டால்தான். திருத்தூதர் பணிகள் நூலில் மத்தியாவின் தேர்வுக்கு அடுத்த அதிகாரத்தில் தூய ஆவி இறங்குகிறார். அதன்பின் சபை சீட்டுப்போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. எருசலேம் கூட்டத்தில் விருத்தசேதனம் பற்றிய கடும் வழக்கு எழுந்தது. அங்கே பேசினார்கள், சாட்சி கேட்டார்கள், மறைநூலைப் பார்த்தார்கள், பிறகே தீர்த்தார்கள். இந்தச் சொல்லின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுவே.

பழக்கம் அத்தோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் தோன்றிய மொராவிய சபையார் திருமணத்தையும் சீட்டுப்போட்டே முடிவு செய்தனர்; 1818இல்தான் பொது உறுப்பினர்களுக்கு அந்தக் கட்டாயம் நீங்கியது. அவர்களோடு பழகிய, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1737 மார்ச்சில் சவன்னாவில் ஒரு பெண்ணை மணப்பதா என்று தவித்தார். 'மணம் செய்', 'இந்த ஆண்டு நினைக்காதே', 'இனி நினைக்கவே வேண்டாம்' என மூன்று சீட்டுகள். நண்பர் எடுத்தது மூன்றாவது. அதே மாதம் அவள் வேறொருவரை மணந்தாள். வெஸ்லியின் ஏக்கமோ அந்தத் துண்டுத் தாளால் தீரவில்லை.

திருவுளம் என்ற பொருளில் தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் வேரூன்றிய சொல் சித்தம். மனம் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்து, கடவுளின் விருப்பத்தைக் குறிக்கலாயிற்று. 'தேவசித்தமானால் வருகிறோம்' என்று கடிதம் முடிப்பவர் யாக்கோபின் நிருபம் கற்பித்த பணிவையே கையாளுகிறார்: பயணம் திட்டமிட்டாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று, நாளை மட்டும் ஆண்டவர் கையில். வேலை மாற்றமோ வரன் பார்ப்பதோ, 'சித்தம் எது?' என்று கேட்பவர் ஜெபிக்கிறார், வேதம் வாசிக்கிறார், மூத்தோரைக் கேட்கிறார். சீட்டைவிட இது மெதுவான வழி. ஆனால் கேட்பவரின் மனத்தையும் கூடவே மாற்றும் வழி.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, இயேசு கற்பித்த மன்றாட்டில் சித்தத்துக்குப் பதில் 'திருவுளம்' என்று வைத்தது. பழைய சொல் மீண்டும் வந்தது, சீட்டு இல்லாமல்.