சில்லின் பின்னே சில மொழிகள்



பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் ஆகிய நான்கும் காதில் விழும். நாணய மாற்றுக் கடைக்காரர் வருபவருக்கேற்பத் தம் மொழியை மாற்றிக்கொள்வார். 1801-இல் இங்குப் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன், தென்னிந்திய முஸ்லிம்களின் கப்பித்தானாக, அம்மக்களுக்கும் ஆங்கிலேய நிர்வாகத்திற்கும் இடையே நின்றவர். பல மொழியினர் கூடும் இடத்தில் இணைப்பவர் ஒருவர் தேவை. கணினிச் சில்லுத் துறையிலும் அத்தேவை எழுந்தது. அவ்வரலாற்றைச் சற்றே காண்போம்.

இதே தீவின் பாயான் லெப்பாஸில் 1972-இல் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது. அன்றைய பணி, சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதுமே. நுண்ணோக்கியில் கண் பதித்து மெல்லிய கம்பிகளை இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 1990-களில் வடிவமைப்புப் பணியும் படிப்படியாக இங்கு வளர்ந்தது.

சில்லை வடிவமைக்க ஒரு மென்பொருள் போதாது. முதலில் சில்லின் செயலை வெரிலாக் போன்ற மொழியில் எழுதுவர். ஒரு மென்பொருள் அதனைச் சோதிக்கும். இன்னொன்று அதனைத் தருக்க வாயில்களாக மாற்றும். மற்றொன்று அவ்வாயில்களை உரிய இடத்தில் அமர்த்தி இணைப்புப் பாதைகளை வரையும். வேறொன்று சமிக்ஞைகள் உரிய நேரத்தில் சென்று சேருமா எனக் கணக்கிடும். சிறு திருத்தம் நேர்ந்தாலும் இப்படிகளை மீண்டும் கடக்க வேண்டும். ஒரே பெயர்ப் பட்டியலை மூன்று படிவங்களில் கைப்பட எழுதிய நமக்கு, பிழை எங்கே நுழையும் என்பது தெரியும்.

அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் ஓஸ்டர்ஹவுட், 1980-களில் தம் மாணவர்களுடன் 'மேஜிக்' முதலிய சில்லு வடிவமைப்பு மென்பொருள்களை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை மொழி, ஒவ்வொன்றும் அரைகுறையானது. எம்மென்பொருளுக்குள்ளும் பொருத்தத்தக்க ஒரே மொழி இருந்தால் என்ன என்று எண்ணி, 1988-இல் 'டிக்கிள்' என்ற மொழியை எழுதத் தொடங்கினார். பின்னாளில் சில்லு வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றின் பொதுக் கட்டளை மொழியாக அது நிலைபெற்றது.

ஆயினும் அது தனித்து இயங்கவில்லை. மென்பொருளை உள்ளிருந்து நடத்தியது டிக்கிள். நீண்ட அறிக்கைகளைப் படித்துப் பிழைகளைப் பொறுக்கி எடுத்தது, லாரி வால் 1987-இல் வெளியிட்ட 'பெர்ல்'. எதன்பின் எது என வரிசைப்படுத்தின 'ஷெல்' கட்டளைகள். 1991-இல் வெளிவந்த 'பைதான்', இன்று பெர்ல் செய்த பணிகளில் பலவற்றை ஏற்றுள்ளது. இவ்வாறு கோத்த கட்டளைகளை இரவில் ஓடவிட்டுக் காலையில் முடிவைக் காணலாம். ஆனால், தவறான கட்டளையையும் கணினி அதே வேகத்தில் நிறைவேற்றிவிடும். சரிபார்க்கும் மனிதக் கண் என்றும் தேவை.

பெற்றோர்களே, தொழிற்சாலை என்றதும் உற்பத்தி வரிசை மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. வரையும் மேசையும் இன்று இத்தீவிலேயே இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி பயில்வதைச் சுமை என்று வருந்தவும் வேண்டா. எந்த இடத்தில் எம்மொழி பொருந்தும் என்று தெரிந்து தெளிவாகச் சொல்லும் பழக்கம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே தொடங்குகிறது. இச்சில்லுப் பொறியாளர்களுக்கும் அதுவே அடிப்படை.